மாடியறைச் சகோதரர்கள்

ஏசா பெக்காம் கையில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவன் மனைவி லொவீனாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும். கோழிக்கு இறகு பிடுங்கவே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவன். மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி, அவர்களுடைய விடுதியின் மாடியறையில் மேசன்கள் என்கிற ரகசியச் சங்கத்தார் கூடுவார்கள். அன்றைக்கு ஏசாதான் காவல். கதவுக்கு வெளியே, படிக்கட்டின் உச்சியில், வாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். சத்தியம் வாங்கிச் சேர்த்துக்கொண்ட அன்றைக்குப் பிறகு அவனும்தான் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக அந்தக் கதவின் வெளிப்பக்கத்தைக் காத்ததுதான் அவன் கண்ட பலன்.

"உள்ள என்னதான் பண்றாங்க?" என்று லொவீனா ஒருமுறை கேட்டாள்.

"அதைச் சொன்னா என் கழுத்தை அறுத்து, நாக்கைப் பிடுங்கி, கடலோரம் மணல்ல பொதைச்சிருவாங்க. அப்படித்தான் சத்தியம் வாங்கியிருக்காங்க."

"கடலுக்கு இங்கேருந்து எத்தனை நாள் வண்டி? உங்களைப் பொதைக்கிறதுக்காக அவ்வளவு தூரம் செலவழிச்சுக்கிட்டு எவன் போவான்?"

அவன் சொல்லாவிட்டால் லொவீனாவுக்குத் தெரியாததா? மாடியைக் கூட்டுகிறவள் அவள். மிச்சமிருக்கிற ரம் ஜாடியைக் கழுவுகிறவள் அவள். ஆட்டுத்தோல் ஏப்ரன்களில் சிந்திய குழம்புக் கறையை உப்புப் போட்டுத் தேய்க்கிறவளும் அவள். கவராயமும் மூலைமட்டமும் வரைந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சாலமோன் ராஜாவின் கோயிலைக் கட்டியவர்களின் வாரிசு நாங்கள் என்பார்கள். உள்ளூர் நீதிபதி, வைத்தியர், மாவு மில் முதலாளி, ஷெரீப், கால்வாய் ஒப்பந்தக்காரர் எல்லாரும் அதில் உண்டு. ஒரு செங்கல்லைத் தூக்கி இன்னொரு செங்கல்மேல் வைத்தவன் ஒருவன்கூட இல்லை. மேசன் என்றால் கொத்தனார்தானே; லொவீனா அவர்களைக் கொத்தனார் என்றுதான் சொல்வாள். "இன்னிக்குக் கொத்தனாருங்க வராங்க, இன்னும் ரெண்டு வாத்து அடிக்கணும்" என்பாள்.

ஏசாவுக்கு அது வலிக்கும். "கிண்டல் பண்ணாத. நாட்டோட முதல் ஜனாதிபதியே எங்க ஆளு. தலைநகரத்துல சட்டசபைக் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல்லு வச்சப்ப ஏப்ரன் கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. சுதந்திரத்துக்காக ராஜாவை எதுத்துச் சண்டை போட்டவங்கள்ல எத்தனை பேரு நம்ம சகோதரங்க தெரியுமா?"

"அவங்க சண்டை போட்டாங்க. இவங்க எதை எதுத்தாங்க? என் வாத்துக்கறியையா?"

அந்த ஊருக்கு கார்டர்ஸ் மில் என்று பெயர். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், புதிதாக வெட்டிய கால்வாயை ஒட்டி வளர்ந்த ஊர். புதிதாக வருகிறவன் கடை போட வேண்டுமா, வழக்கில் ஜெயிக்க வேண்டுமா, ஏப்ரன் கட்டினால் போதும். கைகுலுக்கும்போது கட்டைவிரலை ஒரு தினுசாக அழுத்துவார்கள். அழுத்தம் புரிந்தவனுக்குக் கதவு திறக்கும். புரியாதவன் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அப்படி வரிசையில் நின்று சலித்துப்போய் உள்ளே நுழைந்தவன்தான் ஃபைலோ கிரிம்ஸ். பெயர்ப்பலகை எழுதுகிறவன். நல்ல கை, கெட்ட வாய். குடித்தால் உலகத்துக்கே ராஜா, குடிக்காவிட்டால் உலகமே தனக்குத் துரோகம் செய்துவிட்டதாக அழுவான். லொவீனாவுக்கு அவனையும் பிடிக்காது. அவன் மனைவி ரோடா மேல்தான் அவளுக்கு மதிப்பு. ரோடா ஊரார் துணிகளைத் தைத்துக் கொடுத்து, யாரிடமும் முகம் சுளிக்காமல் அவனையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

மேசன் சபைக்குத் தரைவிரிப்பு ஒன்று வரைந்து கொடுத்தால் அடுத்த படிக்கு உயர்த்துவதாக ஃபைலோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தூண், ஒரு ஏணி, மேலே எல்லாவற்றையும் பார்க்கிற கண் என்று மாதக்கணக்கில் பாடுபட்டு வரைந்தான். வாங்கிக்கொண்டு, குடிகாரனுக்கு மேல்படி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் தலைவர் ஸ்தானத்தில் இருந்த நீதிபதி ஹோரேஷியோ வில்காக்ஸ். சொன்னபோது அவரே நிதானத்தில் இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

ஃபைலோ ஒரு வாரம் குடித்தான். பிறகு குடிப்பதை நிறுத்திவிட்டு வரையத் தொடங்கினான். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

அவன் வரைந்தது ஒரு பெரிய திரைச்சீலை. மேசன் சபையில் ஒருவனைப் புதிதாகச் சேர்க்கிற சடங்கு. கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு பக்கத்து மார்பைத் திறந்துவிட்டு, ஒரு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருவன் முட்டிபோட்டிருக்கிறான். கண் கட்டியிருந்தாலும் ஆளை அடையாளம் தெரியாமல் இல்லை. அந்தத் தொப்பையும் மூன்று மடிப்பு முகவாயும் அந்த வட்டாரத்தில் வில்காக்ஸுக்கு மட்டும்தான் உண்டு.

இலையுதிர்காலச் சந்தையில் கொட்டகை போட்டு இதைக் காட்டப்போவதாக ஃபைலோ விடுதியில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் சொன்னான்.

"பொம்பளைங்களுக்குப் பாதிக் காசு," என்றான் லொவீனாவைப் பார்த்து. "நீங்க வந்தா சும்மாவே காட்டறேன் பெக்காமம்மா. இத்தனை வருஷம் அவங்களுக்குப் பொங்கிப் போட்டிருக்கீங்க. ஜட்ஜய்யாவோட முட்டியையாவது பாக்க வேணாமா?"

லொவீனா வாய்விட்டுச் சிரித்தாள். ஏசாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

சந்தைக்கு முதல் நாள் நடுப்பகலில், பட்டப்பகல் வெளிச்சத்தில், விடுதி முற்றத்துக்கு ஒரு மூடுவண்டி வந்து நின்றது. ஷெரீப் இறங்கி நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். ஃபைலோ அப்போதுதான் பன்றிக்கறியும் அவரைக்கொட்டையும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சேணத்தைத் திருடிட்டதாப் புகார் வந்திருக்கு. நட."

"என்கிட்ட குதிரையே இல்லையே! சேணத்தை வச்சுக்கிட்டு நான் என்ன, என் முதுகிலயா போட்டுக்கப் போறேன்?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷெரீப் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். லொவீனா கையிலிருந்த கரண்டியோடு பின்னாலேயே ஓடினாள். வண்டிக் கதவு திறந்தது. உள்ளே இருட்டில், முழங்கால்களின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, வில்காக்ஸ் உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"பெக்காமம்மா, ரோடாகிட்ட சொல்லுங்க..." என்று ஃபைலோ கத்தினான். மிச்சம் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. வண்டி சிறைச்சாலை இருக்கிற கிழக்குப் பக்கம் போகவில்லை. மேற்கே, நயாகரா ஆற்றுப் பக்கம் போயிற்று.

அன்று மாலைக்குள் திரைச்சீலையும் காணாமல் போய்விட்டது.

ஃபைலோ சிறைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. ரோடா ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். சில வாரம் கழித்து, ஊர் வாயை மூடவாவது ஒரு விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. விசாரித்தவர் நீதிபதி வில்காக்ஸ். ஜூரிகளைப் பொறுக்கியவர் ஷெரீப். வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த முகங்களை லொவீனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த ஏப்ரனில் வாத்துக் கொழுப்பு, அந்த ஏப்ரனில் ரம் கறை என்று அவளுக்கு ஆளுக்கொரு கறை ஞாபகம் வந்தது.

முதலில் ஏசாவைக் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கு முற்றத்துல இருந்தீங்களா?" என்று வில்காக்ஸே கேட்டார்.

"இருந்தேங்க."

"வண்டியில யார் இருந்தது?"

ஏசா தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான். "நான் கிணத்துப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேங்க."

அடுத்து லொவீனா ஏறினாள். வில்காக்ஸ் குரலைத் தேனாக்கிக்கொண்டு, "அம்மா, பயப்படாம சொல்லுங்க. வண்டிக்குள்ள யாரையாவது உங்களால அடையாளம் சொல்ல முடியுமா?" என்றார்.

"முடியும். நீங்கதான் உக்காந்திருந்தீங்க."

ஜூரிகளில் ஒருவர் இருமினார்.

"வெயில்ல கண்ணு கூசியிருக்கும்," என்றார் வில்காக்ஸ், அவள்மேல் இரக்கப்படுகிறவர் போல.

"கூசல. கூசவேண்டியது உங்களுக்கு."

சாட்சியம் போதவில்லை என்று முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஏசா சமையலறை வாசலில் நின்று, "சகோதரனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் லொவீனா," என்றான்.

"ஃபைலோவும் சகோதரன்தானே? என் பக்கத்துல நிக்கறதாச் சர்ச்சுல ஒரு சத்தியம் பண்ணினீங்களே, அதுக்கு நாக்கைப் பிடுங்கற தண்டனை இல்லேன்னுதானே தைரியம்?"

அந்த வருடத்தோடு பேச்சு அடங்கிவிடும் என்று மேசன்கள் நினைத்தார்கள். அடங்கவில்லை. பக்கத்து வட்டாரங்களிலும் இதே மாதிரி ஒரு விவகாரம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. சர்ச்சுகளில் போதகர்கள் எழுந்து மேசன்களைச் சபித்தார்கள். மேசன் கடையில் மாவு வாங்க மாட்டோம் என்றார்கள் பெண்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசன்களை ஒழிக்கவென்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது. அதற்கு ஓட்டு விழும் என்று தெரிந்ததும், மாடியறை காலியாயிற்று. வாத்துக்குச் சொல்லியனுப்புகிற ஆள் இல்லை.

முதலில் மனம் திரும்பியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் வில்காக்ஸ் எழுந்து நின்று, தன் ஏப்ரனை இரண்டாகக் கிழித்துப் போட்டார். ஆட்டுத்தோல் லேசில் கிழியாது. முன்னாடியே கத்தரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று லொவீனாவுக்கு அந்தக் கணமே புரிந்தது. சர்ச்சில் இருந்தவர்கள் கண்ணீர்விட்டார்கள். அடுத்த மாதமே புதிய கட்சி அவரை மாநிலச் சட்டசபைக்கு வேட்பாளராக நிறுத்தியது. ஷெரீப் அவருக்காக ஓட்டுக் கேட்டு வந்தார். மேசன்கள் கொன்றுபோட்ட "தியாகி ஃபைலோ கிரிம்ஸ்" என்ற பெயர் எல்லார் வாயிலும் ஜபமாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கால்வாய்ப் படகுக்காரன் ஒருவன் சாப்பிட வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னான். "தியாகியா? அவனை நான் கனடாப் பக்கம் பாத்தேனே. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு விடுதிக்குப் பலகை எழுதிக்கிட்டிருக்கான். தாடி வச்சிருக்கான். ஆனா வாய் அதே வாய்."

லொவீனா சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ரோடா வீட்டுக்கு ஓடினாள். ரோடா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, மறுநாளே புறப்பட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது தனியாகத்தான் வந்தாள். விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உசுரோடதான் இருக்காரு. ஆத்துக்கு அக்கரையில இறக்கிவிட்டு, திரும்பி வந்தா சுட்டுருவோம்னு ஜட்ஜு சொல்லியிருக்காரு. பயந்து போயி இருந்துட்டேன்னாரு. சரி, இப்பத்தான் காத்து மாறிடுச்சே, வாங்கன்னேன். அங்க ஒரு விதவையோட குடும்பம் பண்றாரு. ரெண்டு பலகை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு யோசிக்கிறேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பலகைய முடிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ரோடா அழவில்லை. லொவீனா அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

தேர்தலுக்கு முன் நடந்த பெரிய கூட்டத்துக்குத் தியாகியின் மனைவி மேடையில் உட்கார வேண்டும் என்று வந்து கேட்டார்கள். கறுப்பு உடைகூட அவர்களே கொண்டுவந்தார்கள். ரோடா தன் பழைய நீலக் கவுனிலேயே போனாள். லொவீனா முன்வரிசையில் உட்கார்ந்தாள். வில்காக்ஸ் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "அந்த அப்பாவியின் ரத்தம் இந்த மண்ணிலிருந்து கூப்பிடுகிறது!" என்று தழுதழுத்தார்.

ரோடா எழுந்தாள். "என் புருஷன் செத்துப்போகல. கனடாவுல இருக்காரு. நான் நேர்ல பாத்துட்டு வந்தேன். அவரைக் கொண்டுபோய் விட்டவர் இதோ நிக்கிறாரே, இவருதான்."

ஒரு கணம் கூட்டம் திகைத்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "மேசனுங்க இவளை வெலைக்கு வாங்கிட்டானுங்க!" என்று கத்தினான். அவ்வளவுதான். தியாகியின் பெண்டாட்டி என்று போன வாரம் தொப்பியைக் கழற்றியவர்கள் எல்லாரும் ஊளையிட்டார்கள்.

"நானும் சொல்றேன்! வண்டிக்குள்ள இந்த ஆளைப் பாத்தேன்!" என்று லொவீனா எழுந்தாள்.

"காவல்காரன் பொண்டாட்டி! உக்காருடி!"

வில்காக்ஸ் ரோடாவின் தோளில் மெதுவாகக் கைவைத்து, "துக்கம் இந்தப் பெண்ணின் புத்தியைக் கலக்கிவிட்டது. இதுவும் அந்தப் பாவிகள் செய்த கொடுமைதான்," என்றார். கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ரோடா அந்தக் கையை, தோளில் விழுந்த பூச்சியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு இறங்கி நடந்தாள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பிணம். உயிரோடிருக்கிற ஃபைலோவால் யாருக்கும் ஒரு ஓட்டும் விழாது.

வில்காக்ஸ் அமோகமாக ஜெயித்தார். ரோடா தையலை விட்டுவிட்டு விடுதிச் சமையலில் லொவீனாவுக்குக் கூட்டாக வந்து சேர்ந்தாள்.

குளிர்காலத்தில், சட்டசபைக்குப் போகிற வழியில், வில்காக்ஸ் ஏறிவந்த பயணிகள் வண்டி சாப்பாட்டுக்காக விடுதியில் நின்றது. குளிரில் மூக்குச் சிவந்து உள்ளே வந்தவர், பழைய உரிமையோடு கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லொவீனா மற்ற பயணிகளுக்கெல்லாம் கறியும் சோள ரொட்டியும் பரிமாறினாள். அவருக்கு முன்னால் மேசை வெறுமையாக இருந்தது.

"மிசஸ் பெக்காம், எனக்கு?"

"உங்களுக்கு இல்ல."

"ஏன், தீந்துபோச்சா?"

"இல்ல. நெறைய இருக்கு."

பயணிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏசா பதறிப்போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ரோடா அவன் கையிலிருந்து அதை வாங்கி, வண்டிக்காரனுக்கு முன்னால் வைத்தாள்.

வெளியே வண்டிக்காரனின் உதவியாள், புறப்படும் நேரம் என்று கொம்பு ஊதினான். மாண்புமிகு உறுப்பினர் வெறும் வயிற்றோடு மேலங்கியை மாட்டிக்கொண்டு, யாரும் திறந்துவிடாத கதவைத் தானே திறந்துகொண்டு வெளியேறினார். லொவீனா, எழப்போன வண்டிக்காரனுக்கு இன்னொரு துண்டுக் கறி வைத்தாள்.