மெதுவாக நடந்தவர்

தையல்காரர் மாரடைப்பில் போய் மூன்று வாரமாகியும், ஒரே எண்ணம்தான் அவர் மனைவியின் நெஞ்சைக் குடைந்தது. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவரை வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் மனைவிக்கு மூட்டுவலி. டாக்டர் சொன்னதிலிருந்து நான்கு வருடமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில்தான் பூங்காவைச் சுற்றினார். "நீங்க முன்னாடி போங்களேன்" என்றால், "போய் யார்கிட்ட வாயடிக்கிறது?" என்பார்.

அன்று தன் மாத்திரைக்காகப் போனவள் டாக்டரிடம் கேட்டேவிட்டாள். "என்னாலதான் போயிட்டாரா, டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வேகமா நடந்திருந்தா இன்னும் நல்லதுதாம்மா, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா உட்கார்ந்தே கிடக்கிறதுக்கு மெதுவா நடக்கிறது எவ்வளவோ மேல். எது எத்தனை நாள் கொடுத்திருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். 'அவ பின்னாடி தனியா வருவாளே, அது வேண்டாம்'னுட்டார்."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். வண்டி பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டாள். அவர் போன நாளிலிருந்து வராத அழுகை, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, அங்கே பொங்கி வந்தது.