பர்லியார் வளைவில் நின்றுபோன கம்ப்யூட்டர்

கல்யாணமாகிப் பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் கணபதிக்கு வந்தபோது, லோகப்பிரியாவின் சீர் சாமான் டெம்போவில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே பெட்ஷீட் சுற்றிய ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பாகமாகத் தேடித் தேடி வாங்கி அவளே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள். இறக்கி வைக்க வந்த உறவுக்காரர் ஒருவர், "மீன் தொட்டிங்களா அம்மணி? மீனெல்லாம் எங்கீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அவள் வேலை பார்ப்பது பம்ப் கம்பெனியில், டிசைன் பிரிவில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். கல்லூரித் தோழி ஷ்ரவ்யாவோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்த அணி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. "எடதுபக்கம் ஒருத்தன், முடிச்சுடு" என்று மருமகள் சாவகாசமாகச் சொல்வதைக் கேட்டு மாமியார் சாமியாத்தாள் முதலில் கொஞ்சம் கலங்கித்தான் போனார். பிறகு பழகிவிட்டது. கணவன் கிருபாசங்கருக்கு விளையாட்டில் ஆர்வமில்லை. அந்தச் சத்தத்திலேயே சோபாவில் தூங்கக் கற்றுக்கொண்டான்.

ஆர்வம் வந்தது மாமனாருக்கு. லட்சுமணசாமி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தவரை ஒருநாள் கூப்பிட்டு, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை லோகப்பிரியா காட்டினாள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த மலைப்பாதையையே வரைந்து இணையத்தில் போட்டிருந்தான். கல்லார் தாண்டி முதல் வளைவு வந்ததும் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். அவருடைய பிறந்தநாளுக்கு ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து காலை உணவு முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஒரு டிரிப். வளைவுக்கு வளைவு ஹாரன். "ஏனுங்க, குன்னூர் வந்துருச்சுன்னா அப்படியே எறங்கிப் போயி பால் வாங்கீட்டு வாங்க" என்பார் சாமியாத்தாள்.

இப்படி காலையில் அவரும் மாலையில் அவளுமாக உழைக்க வைத்ததில் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. முதலில் திணறியது. பிறகு மாவு மில் மாதிரி இரைந்தது. கடைசியில் தானாகவே அணைய ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை அவள் அணி ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்து, எதிரணியில் ஒரே ஒருத்தன் மிச்சமிருக்கும் நேரத்தில் திரை கறுத்துவிட்டது. "செத்துட்டியா, கரண்டு போயிருச்சா?" என்று ஷ்ரவ்யா போனில் கேட்டாள். மறுநாள் காலை லட்சுமணசாமியின் பஸ் பர்லியார் வளைவில் பயணிகளோடு நின்றுபோனது.

"போதும் மாமா. இத எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு வாங்கிரலாம்" என்றாள் லோகப்பிரியா.

"புதுசு எதுக்குங்க அம்மணி? ஓடற வண்டிதானுங்க. சூடாவுது, அவ்வளவுதான். சரி பண்ணிக்கலாமுங்க."

வழக்கமாக அவள் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவர் இதில் மட்டும் பிடிகொடுக்கவில்லை. சிக்கனம் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புது கம்ப்யூட்டர்களைப் போனில் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. ஒன்றை முடிவுசெய்தும் வைத்திருந்தாள். அதைக் கேட்க ஒரு சாக்குதான் கிடைக்கவில்லை.

சாக்கு புதன்கிழமை வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் அதன் காற்றாடியிலிருந்து உடைந்த இறக்கை ஒன்று.

"அம்மணி, ஒரு வேல பண்ணிப்போட்டனுங்க" என்றார்.

தெருமுனையில் ஒரு லேத் பட்டறை இருந்தது. அங்கே கம்ப்ரசர் உண்டு. தூசி அடைத்துத்தான் சூடாகிறது என்று முடிவுகட்டி, இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பட்டறைக்காரரும் நல்ல மனசோடு, லாரி எஞ்சினுக்கு அடிக்கிற வேகத்தில் காற்றை அடித்திருக்கிறார். தூசி போனது உண்மை. கூடவே காற்றாடியும் பிய்த்துக்கொண்டு போனது.

லோகப்பிரியா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றாள். உள்ளே சந்தோஷம் குமிழியிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் புதுசுதான். ஆனால் அவர் அந்த இறக்கையைத் துண்டின் நுனியால் துடைத்து, மறுபடி மேஜைமேல் பத்திரமாக வைப்பதைப் பார்த்ததும் தன் சந்தோஷம் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"விடுங்க மாமா. நாளைக்கு லீவு போடறேன். காந்திபுரம் கொண்டுபோய்க் காட்டலாம்" என்றாள்.

அங்கே கடை வைத்திருந்த அஃப்தாபிடம்தான் அவள் அந்த நாளில் பெரும்பாலான பாகங்களை வாங்கியிருந்தாள். ஆட்டோவில் பெட்டியை லட்சுமணசாமி மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "மெதுவா போங்க தம்பி" என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அஃப்தாப் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். "காத்தாடி ஒரு விஷயமே இல்லீங்க ஐயா. அஞ்சு நிமிஷத்துல மாத்திரலாம். அணையறதுக்குக் காரணம் வேற. படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு போகப்போகுதுங்க."

"கார்ட மட்டும் மாத்துனா?" என்று லோகப்பிரியா கேட்டாள்.

"மாத்தலாம்க்கா. ஆனா நீங்க ஆடற கேமுக்குப் பெரிய கார்டு வேணும். அதுக்குப் பவர் சப்ளை பத்தாது. அதையும் மாத்துனா இந்தப் ப்ராசஸர் ஈடுகுடுக்காது. புதுப் ப்ராசஸர் இந்த போர்டுல உக்காராது. போர்டு மாறினா ராமும் மாறணும். கடைசில பழசுல மிஞ்சறது இந்தக் கண்ணாடிப் பொட்டி மட்டுந்தான்."

லட்சுமணசாமி யோசித்தார். "எஞ்சின மாத்தி, கியர் பொட்டிய மாத்தி, பாடியும் கட்டுனா அது புது வண்டிதானுங்களே" என்று ஒத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்டி ஏற மட்டுமுன்னா?" என்று கேட்டார்.

"பஸ் கேமுக்கா? அதுக்கு ஒரு சின்ன கார்டு போதுங்க. நல்ல நிலமைல பழசே என்கிட்ட இருக்குது. இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டலாம்."

அவர் முகம் தெளிந்ததை லோகப்பிரியா பார்த்துவிட்டாள். "மாமா, புதுசு வந்தா அதுலயும் நீங்க ஓட்டலாமே. வேண்டாமுன்னு நான் சொல்வேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க அம்மணி. எனக்குத்தான் கை வராதுங்க. புது வண்டி வேற ஆளோடதுன்னா, ஒரு கீறல் பட்டுருமோன்னே ஓட்டோணும். இதுன்னா பழகிருச்சு. எக்ஸ்சேஞ்சுல போட்டுருவமுன்னு நீங்க சொன்னதுல இருந்து ஊட்டி டிரிப் அவ்வளவுதான்னு நெனச்சுட்டேன். அதான் காத்தடிக்கக் கொண்டுபோனேன்."

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு மேம்படுத்தவா, மாற்றவா என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு இரண்டு பதில் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

"அஃப்தாப், இத மாமாவுக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணிருங்க. எனக்குப் புதுசு. எதுன்னு காட்டறேன்" என்று போனை எடுத்தாள். பார்த்து வைத்திருந்த பக்கம் ஏற்கெனவே திறந்தே இருந்ததைக் கண்டு லட்சுமணசாமி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வீட்டில் கிருபாசங்கர் எழுப்பிய ஒரே கேள்வி, இன்னொரு மேஜையை எங்கே போடுவது என்பதுதான். டேப் பிடித்துக் கூடத்தை இரண்டு தடவை அளந்து, இடமில்லை என்று அறிவித்தான்.

"அந்த டிவிய எடுத்து ரூமுக்குள்ள வைங்க கண்ணு" என்றார் சாமியாத்தாள். "இவங்க ரெண்டு பேரும் ஆடறதே நமக்குப் போதும். டிவிய ஆரு பாக்கறா?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மேஜைகளும் அக்கம்பக்கமாக நின்றன. லோகப்பிரியா தன் அணியைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, புது கம்ப்யூட்டரில் அதே பஸ் விளையாட்டை ஏற்றினாள். இருவரும் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம் என்று சொன்னபோது மாமனாருக்கு நம்பிக்கை வரவில்லை. கல்லாரில் அவர் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒரு மஞ்சள் பஸ் தெரிந்ததும் ஹாரனைத் தட்டினார். அவளும் தட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த கிருபாசங்கர் எழுந்து அறைக்குள் போய்விட்டான்.

மலைப்பாதையில் லோகப்பிரியா இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் லட்சுமணசாமி ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். பர்லியார் வளைவில் பழைய பெட்டி முனகக்கூட இல்லை. குன்னூர் நெருங்கும்போது விளையாட்டில் மழை பிடித்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் முன்னால் போன பஸ் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள். மாமனார் தன் திரையை விட்டுவிட்டு அவள் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்து, நெளிந்து வழிந்தது. நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் மினுங்கியது. தேயிலைத் தோட்டத்தின் மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் திரையிலோ மழை வெறும் சாம்பல் கோடுகள்.

"ஏனுங்க அம்மணி" என்றார் மெதுவாக. "இந்த மழை நம்ம வண்டில வராதுங்களா?"

"வரும் மாமா. கார்டு கொஞ்சம் பெருசா போடோணும்."

"அப்போ பவர் சப்ளையும் மாத்தோணுமுங்க."

"ஆமாங்க மாமா."

அவர் முகவாயைத் தடவிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸை மறுபடி கிளப்பிக்கொண்டே, "அந்த அஃப்தாப் தம்பி நெம்பர் ஒண்ண எம் போன்ல ஏத்திக் குடுத்துருங்க. சும்மா வெச்சுக்கறனுங்க" என்றார்.