பத்தொன்பது வருட ரிவர்ஸ்

இரண்டு கண்மேல் ஆணையாக, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கண்ணில் புரை இருப்பதால், இடது கண்மேல் தனியாக இன்னொரு ஆணை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கடைசி வரை கேட்டுவிட்டு முறைக்கக் கூடாது.

கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த ஒரு வளாகத்துக்குப் பின்னால் ஆறு மாடியில் ஒரு வாகன நிறுத்துமிடம். காரில் வருகிறவர் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். வண்டியை மேலே ஏற்றுவது ரிவர்ஸின் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. அங்கே ஒரு விதி: வண்டி பின்பக்கமாகத்தான் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் சொந்தக்காரர் திரும்பி வந்ததும் ஏறி உட்கார்ந்து நேரே இறங்கிப் போகலாம். ஆகவே ரிவர்ஸ், சுற்றிச் சுற்றி ஏறும் சரிவில் பின்பக்கமாகவே ஆறு மாடி ஏறுவார், இரண்டு தூண்களுக்கு நடுவில் தீப்பெட்டி அகலம் விட்டு நிறுத்துவார், படிக்கட்டில் நடந்து இறங்குவார். பத்தொன்பது வருடம் இதே வேலை. அவர் மனைவியின் தம்பி ஒருநாள் பொழுது போகாமல் கணக்குப் போட்டுப் பார்த்ததில், மாமா உலகத்தை மூன்று தடவை பின்பக்கமாகச் சுற்றி வந்திருந்தார்.

இடது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. தையல்காரர் இவருக்கு மட்டும் காலர் பொத்தானை இடது காதுக்குக் கீழே வைத்துத் தைப்பார். குடும்பப் புகைப்படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, இவர் ஸ்டுடியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இவரைவிட இருபது வயது சின்னவர்.

"மெஷின் வருதுண்ணே. இரும்புத் தட்டு. காரை அதுவே தூக்கிட்டுப் போய் அதுவே வச்சிடும். ஒண்ணாந்தேதியிலேருந்து."

"அப்ப நான்?"

"உங்களையும் தூக்கி எங்கியாவது வைக்குமான்னு கேட்டேன். கார் மட்டும்தானாம்." மேனேஜர் தானே சிரித்துக்கொண்டார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். "வண்டியை வீட்டுக்கே கொண்டுபோய் விடுற சர்வீஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். டிரைவர் வேணும். புதன்கிழமை டெஸ்ட். பாஸாயிட்டா வேலை உங்களுக்கு. இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்லண்ணே. ஒரே விஷயம், நேரா ஓட்டணும்."

"நேராத்தான் தம்பி ஓட்டுறேன். இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது."

"முன்னாடி நேரா."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினார். "அம்பத்திரண்டு வயசுல உங்களை வேற யாரு கூப்பிட்டு வேலை குடுப்பாங்க?"

மச்சினனுக்கு வேறு சந்தேகம். "அது சரி மாமா, உங்களுக்கு லைசன்ஸ் எப்படிக் குடுத்தாங்க?"

"இன்ஸ்பெக்டர் எட்டு போடச் சொன்னாரு. பின்னாடியே போட்டுக் காட்டினேன். எட்டு எட்டாத்தானே இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சினனின் பழைய காரை எடுத்துக்கொண்டு ஒரு காலி மைதானத்துக்குப் போனார்கள். மச்சினன் முன் இருக்கையில். தம்பியை நம்பாத மனைவி பின் இருக்கையில். ரிவர்ஸ் முதல் கியரைத் தொட்டார், கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"முன்னாடி ஒண்ணுமே இல்லையேடா."

"அதுக்குப் பேருதான் மாமா ரோடு."

"பின்னாடி போகும்போது போய் நிக்கப்போற இடமாவது கண்ணுக்குத் தெரியும். சுவர் வந்தா நின்னுக்கலாம். இதுல எங்க போய் முட்டுறது?"

"முட்டவே வேண்டாம் மாமா. அதான் இதுல இருக்கிற வசதி."

வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் பழக்க தோஷத்தில் இடது தோளுக்கு மேலே திரும்பினார். அங்கே மனைவியின் முகம் இருந்தது.

"என்னை ஏன் பார்க்கறீங்க? போங்க."

அந்த முகத்தைப் பார்த்தபடியே முதல் கியரைப் போட்டார். வண்டி முன்னால் போனது. எதிரே விளக்குக் கம்பம் வந்தபோது மனைவியின் கண்கள் விரிந்தன. இவர் பிரேக்கை மிதித்தார். அதன்பிறகு சிக்கல் இல்லை. இடது புருவம் ஏறினால் இடது பக்கம், வலது புருவம் ஏறினால் வலது பக்கம், உதட்டைச் சுழித்தால் வேகம் அதிகம். ஒரு மணி நேரத்தில் மைதானத்தைப் பதினாறு சுற்று சுற்றினார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று மனைவி தம்பியிடம் சொன்னார். அது புகாரா, பாராட்டா என்று அவனுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை காலை தேர்வு நடத்த வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மடியில் அட்டை, அட்டையில் காகிதம்.

"பின்சீட்டுல யாரு?"

"என் கண்ணு, மேடம்."

"கண்ணை இறங்கச் சொல்லுங்க."

மனைவி இறங்கினார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் குனிந்து, "இனிமே பின்னாடி வெறும் சீட்டுதான். அதையே பார்த்துட்டு இருக்கறதுன்னா இருங்க. நான் பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன்" என்றார். சொன்னபடியே நடக்கவும் ஆரம்பித்தார்.

ரிவர்ஸ் வெறும் சீட்டைப் பார்த்தார். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. பார்க்க அதில் வேறொன்றும் இல்லை. அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்தார். ரிவர்ஸ் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து, துருப்பிடித்த குழாயைத் திருப்புவதுபோல் தலையைத் திருப்பினார். அந்தச் சத்தத்தில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார்.

பத்தொன்பது வருடமாகத் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் அடங்கியிருந்த உலகம் அன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. மரம் வந்தது. பாலம் வந்தது. ஒரு பெயர்ப்பலகை, படிக்க முடியாத தூரத்தில் கிளம்பி, படிக்கிற தூரத்துக்கு வந்தது. இரண்டாவது கியர் சரியாக விழுந்தது. மூன்றாவது என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"போதும், ஓரமா நிறுத்துங்க."

"அந்த வளைவு வரைக்கும் மட்டும், மேடம். அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பார்த்துட்டு நிறுத்திடறேன்."

வளைவுக்குப் பிறகு இன்னொரு வளைவு இருந்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, சாலை ஒரு ஏரிக்கரையில் முடிந்ததால் வண்டி நின்றது. அம்மாள் இறங்கித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திருப்பச் சொன்னார். வண்டியைத் திருப்ப ரிவர்ஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே எழுபது கிலோமீட்டரும் பின்பக்கமாகவே வந்தார். ஓட்டம் அவ்வளவு சீராக இருந்ததால் அம்மாள் தூங்கிவிட்டார். எழுப்பியதும் காகிதத்தில் எழுதினார்: "முன்னால் நன்றாக ஓட்டுகிறார். நிறுத்த மனம் வரவில்லை. எடுத்துக்கொள்ளலாம்."

ஒன்றாம் தேதி மெஷினும் வேலைக்கு வந்தது, ரிவர்ஸும் புது வேலைக்குப் போனார். தையல்காரர் பொத்தானை நடுவுக்கு நகர்த்தக் கூலி வாங்கவில்லை. மனைவி இப்போது முன் இருக்கையில்தான் உட்காருகிறார். புருவத்தை மட்டும் இன்னும் ஏற்றி இறக்குகிறார்.

அந்த ஆறு மாடி நிறுத்துமிடத்தில், திறந்த நாளிலிருந்து இன்றுவரை, சைக்கிள்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள். முறைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.