முதல் வரி

எஸ்னார்ட் வாயைத் திறந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற ஆண்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார்கள். முலாஞ்சே மலையடிவாரத்துச் சபைக்குக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த குரல் அது. மகளிர் சங்கத்துப் பாட்டுகளில் முதல் வரியை அவள் தனியாக எடுப்பாள். மற்றப் பெண்கள் சேர்ந்து பதில் வரி பாடுவார்கள்.

எனிலெஸைச் சங்கத் தலைவியாக்கிய அன்றோடு எல்லாம் நின்றது. இருவரும் சிறுவயதுத் தோழிகள். எனிலெஸ் பொறுமைசாலிதான், ஆனால் சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். எஸ்னார்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ பாடினா கோழியெல்லாம் கூரைமேல ஏறிடும். உனக்குக் கீழ நின்னு நான் பாடணுமா?"

"கோழியை நான் பாத்துக்கறேன்டி. பாட்டை நீ பாத்துக்கோ," என்று எனிலெஸ் சிரித்தாள்.

"என் தொண்டை. இஷ்டம் இருந்தா திறப்பேன், இல்லன்னா மூடிப்பேன்."

"உன் தொண்டையா? சந்தையிலயா வாங்கின? ஆண்டவர் குடுத்து வெச்சது. திருப்பிக் கேட்டா என்ன சொல்லுவ?"

எஸ்னார்ட் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், சங்கத்து வெள்ளைச் சட்டையையும் தலைத்துணியையும் ஒரு பழந்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டாள். சபைக்குப் போவதையும் விட்டாள்.

ஞாயிறுதோறும் அவளது சோளக்கொல்லை வரைக்கும் பாட்டு கேட்கும். ஆனால் அது விசித்திரமாக இருந்தது. முதல் வரியே இல்லை. கொஞ்ச நேரம் மௌனம், பிறகு பதில் வரி. மறுபடி மௌனம், மறுபடி பதில்.

"பாத்தீங்களா, என் வரியையே வெட்டி எறிஞ்சுட்டாங்க," என்று கணவனிடம் பொருமினாள். "நான் இல்லாமலே நடக்கும்னு காட்டறாங்க."

"போய்க் கேட்டுத்தான் பாரேன்," என்றான் அவன். அவளா கேட்பாள்?

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது எனிலெஸ் நோயில் படுத்துவிட்டாள். மகள் சிஃபுண்டோ வந்து பெரியவர்கள் முன் செய்கிற மரியாதைப்படி வாசலில் முழங்காலிட்டாள்.

"சித்தி, அம்மா உங்களைக் கூப்பிடறாங்க. ஒரே ஒரு பாட்டு பாடினா போதுமாம்."

எஸ்னார்ட்டுக்கு உள்ளே இளகியது. அப்போதே போயிருக்கலாம். ஆனால் முதலில் இறங்கிப் போனால் தோற்றதாகிவிடாதா?

"நிலக்கடலை பறிச்சு முடிக்கட்டும். வரேன்னு சொல்லு."

மறுபடியும் சிஃபுண்டோ வந்தாள். "கடலை இன்னும் காயலையே," என்றாள் எஸ்னார்ட். அந்த வருஷம் அவள் கொல்லையில் கடலை விளையவே இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

மூன்றாம் முறை சாவுச் செய்திதான் வந்தது.

எஸ்னார்ட் பெட்டியைத் திறந்து மூட்டையை அவிழ்த்தாள். சட்டை அழுக்குப்படாமல், மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடுத்திக்கொண்டு, ஊர் வழக்கப்படி ஒரு தட்டு சோளமாவுடன் சாவு வீட்டுக்குப் போனாள். எனிலெஸுக்காக இன்று உயிரைக் கொடுத்துப் பாடிவிட வேண்டும், இதுவரை பாடாததற்கெல்லாம் சேர்த்து.

கல்லறைக்கு நடக்கும்போது பக்கத்தில் சங்கத்து ஃபெலிஸ்டா வந்தாள்.

"என் வரியை ஏன்டி எடுத்துட்டீங்க?" என்று எஸ்னார்ட் மெதுவாகக் கேட்டாள்.

ஃபெலிஸ்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுத்தோமா? வேற யாரையும் அதைப் பாட எனிலெஸ் விடல. 'அது எஸ்னார்ட்டோட இடம், அவ வருவா, அதுவரைக்கும் காலியாவே இருக்கட்டும்'னு சொல்லிட்டா. ஒவ்வொரு பாட்டுலயும் உனக்காகத்தான் நிறுத்தி நிறுத்திப் பாடறோம்."

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஃபெலிஸ்டா கையை உயர்த்தினாள். எல்லோரும் எஸ்னார்ட்டைப் பார்த்தார்கள். குழி வெட்டியவர்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

எஸ்னார்ட் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, பிறகு அழுகை. மறுபடி முயன்றாள். அழுகைதான் வந்தது.

ஃபெலிஸ்டா வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தாள். பிறகு கையை இறக்கினாள். பெண்கள் பதில் வரியைப் பாடினார்கள். ஆண்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள்.

அடுத்த வரிக்கு முன்னாலும் பெண்கள் அவளுக்காக நிறுத்தினார்கள். அதற்கடுத்த வரிக்கும் நிறுத்தினார்கள். எனிலெஸின் பெட்டிமேல் மண் விழும் சத்தம்தான் கேட்டது.