முடக்கில் நின்ற மக்டலீன்

பொன்மலருக்கும் மாமியார் மக்டலீனுக்கும் ஒத்துப்போகாது என்பது தெல்லிப்பழையில் அவர்கள் இருந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். மருமகள் வைக்கிற சொதியில் உப்பில்லை என்பார் மாமியார். தேவாலயத்தில் மாமியார் பாட ஆரம்பித்தால் ஆர்மோனியம் ஒரு பக்கம் போகும், மாமியார் இன்னொரு பக்கம் போவார் என்பாள் மருமகள். இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு நடுவில் இருந்தவன் ஐசாக். மக்டலீனின் ஒரே மகன், பொன்மலரின் புருஷன், ஊரின் தபால்காரன்.

1937ஆம் ஆண்டு மாசியில், பின்னேரத் தபாலோடு சைக்கிளில் போனவனைப் பெரிய ரோட்டு வளைகிற முடக்கில் ஒரு கார் அடித்துப்போட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே உயிர் போய்விட்டது.

காரை ஓட்டியவன் ஹெக்டர். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய பெரிய மனிதரின் மகன், இருபத்திரண்டு வயது. அவன் வந்த வேகத்தைக் கண்டவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆவணியில் கோட்டில் வழக்கு நடந்தபோது அந்த நாலு பேரும் சாட்சி சொன்னார்கள். ஹெக்டருக்காக வாதாட வந்த அப்புக்காத்து, சைக்கிள் நடுரோட்டுக்கு வந்தது என்றார். பையனின் குடும்ப மதிப்பைப் பற்றியும் அவன் எழுதப்போகிற சோதனையைப் பற்றியும் கனநேரம் பேசினார். நீதவான் யோசித்து, கவலையீனம்தான், ஆனால் வேண்டுமென்று செய்ததில்லை, வாழவேண்டிய வயது என்று சொல்லித் தீர்ப்பை வாசித்தார்.

எல்லாம் இங்கிலீசில். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிற பொன்மலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மாமியார் அவளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

“என்னவாம் பிள்ளை?”

“ஐம்பது ரூபா குற்றப்பணமாம் மாமி. மூண்டு மாதம் கார் ஓடக்கூடாதாம்.”

“அது இண்டைக்கு. மிச்சம் எப்ப சொல்லுவினம்?”

“மிச்சம் இல்லை மாமி. அவ்வளவுதான்.”

மக்டலீன் எழுந்து வெளியே நடந்தார். கோட்டில் தான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பொன்மலருக்கு வழி முழுக்க மனம் அரித்தது.

அடுத்த நாள் காலமை மாமியாரைக் காணவில்லை. தேடிப்போன பொன்மலர் அவரை அந்த முடக்கில் கண்டாள். வெள்ளைச் சேலையோடு ரோட்டில் இறங்கி நின்று, வருகிற வாகனங்களுக்குக் கையை உயர்த்தி, ஓட்டுகிறவர்களை மகனே என்று கூப்பிட்டு, மெல்லப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆறுதலாப் போ மோனை. உதிலை என்ரை பொடியன் செத்தவன். உன்ரை தாய் உன்னைப் பாத்துக்கொண்டிருப்பா.”

“மாமி, வீட்டை வாங்கோ. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். கார்க்காரனும் பாக்கட்டும்.”

காலமையும் பின்னேரமும், மழையென்றாலும் வெயிலென்றாலும், மாமியார் அங்கேதான். முதல் இரண்டு கிழமையும் பொன்மலர் வெட்கத்தில் தோட்டங்களுக்குள்ளால் சுற்றிப் பள்ளிக்கூடம் போனாள். ஐப்பசியில் ஒரு நாள் மழை கொட்டியது. வீட்டில் இருக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். நனைந்துபோய் நடுங்கிக்கொண்டு நின்ற மாமியாரின் தலைக்குமேல் குடையைப் பிடித்தாள். மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, “நீயும் உள்ளுக்கு வா, தடிமன் பிடிச்சிடும்” என்று அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். கலியாணம் முடித்து ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தரம்.

அதன்பிறகு போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவது பொன்மலரின் வேலையாயிற்று. பஸ் ஓட்டுகிற சிமியோன் முடக்குக்கு வந்ததும் தலையை வெளியே நீட்டுவான்.

“ஆறுதலாத்தான் போறன் எணை ஆச்சி, கோவியாதையுங்கோ.”

“நேற்று நீ பறந்தனி. நான் கண்டனான்.”

பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். மாமியாரும் சிரிப்பார்.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. யாரோ ஒரு கார்க்காரர் முறைப்பாடு கொடுக்க, கார்த்திகையில் மக்டலீனுக்கு அழைப்பாணை வந்தது. ரோட்டில் நின்று போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாம். முந்தின வழக்கு நடந்த அதே கோடு, அதே நீதவான். அவர் கேட்டதை, மொழிபெயர்க்கிற கோட்டு முதலியார் தமிழில் சொன்னார்.

“நீர் ஏன் வாகனங்களை மறிக்கிறீர்?”

“நான் மறிக்கேல்லை ஐயா. ஆறுதலாப் போகச் சொல்லுறன்.”

“ரோட்டிலை நிக்கிறதுக்கு ஐஞ்சு ரூபா குற்றப்பணம் விதிக்கலாம், தெரியுமோ?”

மக்டலீன் விரல்மடித்துப் பார்த்தார். “அப்ப நான் பத்துத்தரம் நிண்டால் ஐம்பது வரும். என்ரை பொடியன்ரை உயிரும் நான் ரோட்டிலை நிண்டதும் ஒரே கணக்கோ ஐயா?”

முதலியார் நீதவான் பக்கம் திரும்பினார். “மகனை இழந்த துயரம் என்று சொல்கிறா” என்று இங்கிலீசில் மெல்லமாகச் சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருக்கப்போனார்.

பொன்மலர் எழுந்துவிட்டாள். “மாமி சொன்னது அதில்லை” என்று இங்கிலீசிலேயே சொல்லி, ஒரு சொல்லும் தவறாமல் அப்படியே சொன்னாள். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

“தீர்த்த வழக்கை நான் திரும்பத் திறக்க முடியாது” என்று பொன்மலரைப் பார்த்துச் சொன்னார். “அவரை ரோட்டின் ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்பதற்கு என்னிடம் சட்டமில்லை.” குற்றப்பணம் விதிக்காமல் விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது மாமியார் கேட்டார், “நான் சொன்னதை வடிவாச் சொன்னியோ?”

“வடிவாச் சொன்னன் மாமி.”

“கண்டனான். அந்தாளின்ரை முகம் கறுத்துப் போச்சு.” பிறகு, “ஐசாக் இருந்திருந்தால் உன்னைக் கண்டு துள்ளியிருப்பான்” என்றார். பொன்மலர் அந்த இடத்திலேயே நின்று அழுதாள். மாமியார் அவளின் முதுகைத் தடவிக்கொண்டு, அழுது முடியுமட்டும் கூடவே நின்றார்.

தை மாதம் ஒரு பின்னேரம் ஹெக்டரின் கார் வந்தது. பொன்மலர் தேத்தண்ணிப் போத்தலோடு மாமியாருக்குப் பக்கத்தில் நின்றாள். முடக்குக்கு முன்னமே கார் ஊர்ந்தது. மாமியார் வேலியோரம் நின்றபடி, எல்லாருக்கும் உயர்த்துகிற அதே கையை உயர்த்தினார்.

“ஆறுதலாப் போ மோனை.”

அவன் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்க் காரை நிறுத்தி, கைகளுக்குள் முகத்தை வைத்தபடி இருந்தான். பிறகு மெல்லப் போய்விட்டான்.

“அவனையும் எப்பிடி மாமி மோனை எண்டு கூப்பிட்டனீங்கள்?”

“வேறை எப்பிடிக் கூப்பிட? அவன்ரை பேர் என்ரை வாயிலை வராது” என்றார் மக்டலீன். “வா, பசிக்குது. இண்டைக்கு நான் சொதி வைக்கிறன்.”