வழிமொழிய ஓர் ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யப்பானியத் தொழிற்சங்கங்களுக்குள் இருக்கும் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்று ஒரு சிற்றிதழ் கேட்டது. நான் யப்பானுக்குப் போனதில்லை. நாலு புத்தகம் புரட்டினேன். ஆளாளாய்ச் சந்தித்து முதலே முடிவெடுத்துவிட்டுப் பிறகுதான் கூட்டம் வைப்பார்களாம். யாருக்குக் கீழே யார் என்பது சங்கத்தின் எந்த யாப்பு விதியிலும் இருக்காதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஏன் யப்பான், எங்கள் நண்டுத் தொழிற்சாலை இருக்கும் அரியாலை போதுமே. கட்டுரையை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "நண்டுத் தொழிற்சாலையின் சங்கு ஊதியபோது லவீனா..." [எங்கள் தொழிற்சாலையில் சங்கு இல்லை.]

இரண்டாவது: "அநீதி கண்டு பொங்கியெழுந்த லவீனா..." [அவள் பொங்கவில்லை. கழிப்பறைக்கு ஐந்து நிமிடம்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது ஏன் என்று கேட்டாள். அடுத்த நாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.]

சங்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

3

எங்கள் சங்கத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் ஜெனிஸ் உண்டு. குளிர் அறையில் வேலை செய்யும் சந்தியோகு அண்ணைக்கு ஒரு பதவியும் இல்லை. ஆனால் எங்களில் பாதிப்பேரை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். (என்னையும்தான்.) அவர் சேர்த்துவிட்டவர்கள் ஒரு பக்கம், ஜெனிஸின் ஆட்கள் மறுபக்கம். எந்தப் பிரச்சினையையும் முதலில் குருநகரில் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லவேண்டும். பிறகுதான் சங்கத்துக்குக் கடிதம். லவீனா யாப்பை வாசித்துத் தொலைத்துவிட்டாள். அதில் உள்ளபடி கடிதத்தை நேரே ஜெனிஸிடம் கொடுத்தாள். அந்த நிமிடமே, தனக்குத் தெரியாமலே, ஜெனிஸின் ஆளாகிவிட்டாள்.

அவளைத் திரும்ப எடுக்காவிட்டால் வேலைநிறுத்தம் என்று சங்கக் கூட்டத்தில் ஜெனிஸ் முன்மொழிந்தான். ஒரு பக்கத்து ஆள் முன்மொழிந்தால் மற்றப் பக்கத்து ஆள்தான் வழிமொழியவேண்டும். இதுவும் எங்கும் எழுதாத வழக்கம்.

"வழிமொழியிறது ஆர்?" என்று தலைவர் கேட்டார்.

எல்லோரும் சந்தியோகு அண்ணையைப் பார்த்தோம். அவர் தன் போனைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லையோ? சரி, அடுத்ததைக் கதைப்பம்."

4

[இந்த இடத்தில் சந்தியோகுவைக் கெட்டவராக்க எனக்கு ஆசை. முடியவில்லை. என் மனைவி றஜனி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று கிழமையும் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் அவர்.]

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். "பாவம் அண்ணை, அந்தப் பிள்ளை."

"பாவந்தான். என்னட்டை ஒரு சொல்லு வந்து சொன்னவளோ?"

கூட்ட மண்டப வாசலில் லவீனா நின்றாள்.

"நீங்கள் கதை எழுதிற ஆளெல்லோ. இண்டைக்கு நடந்த உதையும் எழுதுவியளோ?"

"ஓம்."

"எழுதிறதை விடுங்கோ. கையைத் தூக்கியிருக்கலாம்."

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5

வழிமொழியப்படாத தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு தடவை திரும்பக் கொண்டுவரலாம். நாளைக்கு அந்தக் கூட்டம். அங்கேயும் வழிமொழிய ஆளில்லாவிட்டால் அவளுடைய வேலைக் கதை முடிந்துவிடும்.

முடிவு அ: சந்தியோகு அண்ணையே கை தூக்குகிறார். [சினிமா.]

முடிவு ஆ: லவீனா அவர் வாசலில் போய் நிற்கிறாள். [நடக்கக்கூடியது. ஜெனிஸ்கூட அதைத்தான் சொன்னான். அவள் மாட்டேன் என்கிறாள்.]

முடிவு இ: நான் கை

இந்த வரியை ஐந்து தரம் எழுதி வெட்டிவிட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். தாளில் கையைத் தூக்கிவிட்டால் மனம் ஆறிவிடும். நாளைக்கு மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவேன். ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நாளைக்குக் கூட்டம் இருக்கிறது.