பேக்கரிக் கதவுக்குள் ஒன்பது மீன்கள்

எதிர்வீட்டு பிளம்பர், மூடிப்போன பேக்கரியின் கண்ணாடிக் கதவை மச்சானோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தபோது நான் தற்செயலாகத்தான் வாசலில் நின்றிருந்தேன். மறுநாள் அதே பேக்கரியின் பிளைவுட் பலகைகள் வந்தபோதும் தற்செயல்தான். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கட்டில் அக்கக்காகக் கழற்றப்பட்டு உள்ளே போயிற்று. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை, போய்க் கேட்டுவிட்டேன்.

அவரிடம் இல்லை, அவர் மனைவியிடம். மாடிப்படிக்குப் பின்னால் அவர் சிகரெட் பிடிப்பதை முன்னொரு நாள் நல்ல எண்ணத்தோடு அவளிடம் சொல்லிவைத்தேன். அதிலிருந்து என்னைக் கண்டால் மனிதர் கரண்ட் மீட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

“மீன் தொட்டி கட்டுறாரு, அக்கா.”

அவள் பதினோரு வருடமாக ஒரு பல் டாக்டரின் கிளினிக்கைப் பெருக்கித் துடைப்பவள். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒன்பது தங்கமீன்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இரை போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் இவள்தான். டாக்டர் சனிக்கிழமையோடு கடையைக் கட்டுகிறார். சுவரோடு சேர்ந்த தொட்டியைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. அடுத்து வரும் செல்போன் கடைக்காரர் இடித்துத் தள்ளப்போகிறார்.

“வேணும்னா எடுத்துக்கோ, இல்லேன்னா சாக்கடையில விட்டுடுன்னு சொல்லிட்டாருக்கா. என் குரல் கேட்டா மேல வருங்க. நான் எப்படி விடுவேன்?”

கதவுக் கண்ணாடியை அறுக்க முடியாது, தூள்தூளாகிவிடும். ஆகவே கதவின் நீளமே தொட்டியின் நீளம்: ஏழடி. முன்பக்கம் கண்ணாடி, மற்றதெல்லாம் பலகை, சுற்றிலும் கட்டில் இரும்பு. கைப்பிடி இருந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்றுக்கு மூடி, இன்னொன்றில் குழாய். ‘தள்ளவும்’ என்ற ஸ்டிக்கர் மட்டும் சுரண்டியும் போகாமல் செங்குத்தாக நின்றது. இடம் போதாமல் சோபா பால்கனிக்குப் போனது. தண்ணீர் நிரப்பி இரண்டு நாளாகியும் சொட்டுக் கசிவு இல்லை. பிளம்பர் நடையே மாறிவிட்டது.

புதன்கிழமை குப்பை போடப் போனேன். அவர்கள் வீட்டுப் பை திறந்திருந்தது. சரி, லேசாகத் திறந்தேன். உள்ளே, இடுக்குகளில் கசியாமல் பூசும் சிலிகான் பசையின் நான்கு காலி டியூப்கள்: ‘குளியலறைக்கு. பூஞ்சை பிடிக்காது.’ வேலைக்குப் போன வீடுகளில் மிச்சமானது போல. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு செய்தி கையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பல்பு வாங்கும் சாக்கில் ஹார்டுவேர் கடைக்காரரிடம் அவிழ்த்துவிட்டேன்.

அவர் பல்பைக் கீழே வைத்தார். “அய்யோ, அதுல பூஞ்சையைக் கொல்ற மருந்து இருக்கும்மா. தண்ணியில இறங்கி மீனையும் கொன்னுடும். மருந்து கலக்காததுதான் போடணும்.”

சொன்னால் குப்பையைக் கிளறியது ஊருக்கே தெரியும். வாயை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்; பழக்கம் இல்லை.

“எங்க குப்பையையும் விட்டு வைக்கலையா நீங்க?” என்று பிளம்பர் குதித்தார்.

“விட்டு வச்சிருந்தா உன் பொண்டாட்டி ஒன்பது மீனையும் வாரி வெளிய போட்டிருப்பா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு டியூபைப் படி.”

படித்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்தார். அப்புறம் டியூபை அவளிடம் நீட்டினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசி, அது இறுகப் பத்து நாளாகும். சனிக்கிழமைக்கு இருப்பதோ மூன்றே நாள்.

“என் பாத்ரூம்ல குளியல் தொட்டி சும்மாதானே கிடக்கு,” என்றேன். சும்மா கிடக்கவில்லை, தினமும் அதில்தான் குளிக்கிறேன்.

பத்து நாள் பக்கெட்டில் குளித்தேன். அவள் காலையும் மாலையும் வந்தாள். இரை போட்டுவிட்டு டீ குடித்து, கதை பேசிப் போனாள். என் வீட்டுக் கதவை ஒரே நாளில் இரண்டு முறை யாரும் தட்டியதில்லை. மீன்களோ, நான் வாயைத் திறந்தாலே அடியில் போய்ப் பதுங்கும். அதுகளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

பதினோராம் நாள் பிளம்பர் வந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை.

“அக்கா, மீனை விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. என் கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்.”

அரை மணி நேரம் மூலைமூலையாகப் பார்த்தேன். அவர் டார்ச் பிடித்தார். ஒரு குறையும் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மீன்களை விட்டோம். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் எதையும் தொடவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, “அக்கா, ஓடி வாங்க!” என்று குரல். ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.

தண்ணீரின் மேலே ஒரே சளப்சளப். அவள் இரையைத் தூவிக்கொண்டே அழுதாள். என் கையை விடவே இல்லை. எனக்கும் விடச் சொல்லத் தோன்றவில்லை.

“ஒன்பதும் வந்துடுச்சான்னு நீங்களே எண்ணுங்கக்கா,” என்றார் பிளம்பர். “உங்க கண்ணுக்குத் தப்பாது.”

எண்ணினேன். பத்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன்.